புதுக்கிளையில்தான் பூ

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. 18 மீட்டருக்கும் மேல் நீளம். கண்ணுக்கு மரம், கைக்குக் கல். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் இதைப் பற்றி முதலில் எழுதினார். 12 கோடி ஆண்டுப் பழமையானது என்று சொல்கிறார்கள். ஊசியிலை மரங்களின் இனம் அது; பூ என்பதே அறியாத இனம். பூக்கும் தாவரங்கள் உலகில் பரவத் தொடங்கிய காலத்தில் அது கடலடிச் சேற்றில் புதைந்துபோனது.

அந்தக் கடல் விட்டுச் சென்ற மண்ணில் பவளக்குறிஞ்சி வளர்ப்பதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன். நர்சரியில் கிரேப் மிர்ட்டில் என்று கேட்டால் தருவார்கள். சீனத்துப் பக்கத்திலிருந்து உலகமெங்கும் பரவிய சிறு மரம். நம் மருதாணியும் மாதுளையும் இதற்கு ஒரே குடும்பம். காட்டாற்றங்கரைகளில் ஊதா நிறத்தில் பூக்கும் பூமருது இன்னும் நெருங்கிய உறவு. வெயில் இதற்கு வேண்டும். நிழலில் வைத்தால் இலையில் சாம்பல் நோய் படரும், பூ குறையும். அந்த வகையில் பெரம்பலூர், அரியலூர் வெயில் இதற்கு வரம்தான்.

சிக்கல் மண்ணில் இருக்கிறது. அரியலூர்ச் சீமையின் சுண்ணாம்புக்கல் பழைய கடலின் கொடை. காரை என்ற ஊரின் செம்மண் ஓடைகளில் இன்றும் கடலுயிர்களின் எச்சங்கள் கிடைக்கின்றன. சிமெண்டு ஆலைகள் வெட்டியெடுப்பதும் அந்தக் கடலைத்தான். இப்படிச் சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நிலக்கடலை போடுகிறவர்களுக்கு இந்த மஞ்சளைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கலந்து மாலையில் தெளிப்பார்கள். பவளக்குறிஞ்சிக்கும் அது உதவும். குழியில் மட்கிய தொழுவுரத்தைத் தாராளமாகப் போட்டு, முடிந்தபோதெல்லாம் மழைத்தண்ணீரைப் பாய்ச்சினால் இன்னும் நல்லது.

இதில் என்னை நெடுநேரம் நிற்க வைத்தது ஒன்று உண்டு. இரும்புக் குறையின் மஞ்சள் முதிர்ந்த இலையில் முதலில் தோன்றுவதில்லை, தளிரில்தான் தோன்றும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடலின் சுமையை இந்த வாரம் துளிர்த்த இலை சுமக்கிறது. கடந்தது கடந்துவிட்டது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மண் அப்படிச் சொல்வதில்லை.

பூவுக்கு வருவோம். பவளக்குறிஞ்சி பழைய கிளையில் பூப்பதில்லை. அந்த ஆண்டு விட்ட புதுக்கிளையின் நுனியில்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதனால்தான் இலை உதிர்ந்து மரம் ஓய்ந்திருக்கும் தை, மாசியில் கவாத்து செய்கிறோம். காய்ந்ததை, ஒன்றோடொன்று உரசுவதை, உள்நோக்கி வளர்வதை எடுத்துவிட்டால் போதும். சிலர் ஆர்வத்தில் அடிமரம் வரை மொட்டையடித்துவிடுகிறார்கள். அப்போது வருகிற கிளைகள் நீளும், ஆனால் திடம் இருக்காது. தன் பூவின் பாரத்தையே தாங்காமல் தலைகுனிந்துவிடும். வெட்டாமலே விட்டால் மரம் அடர்ந்து பூ சிறுக்கும். அளவாக வெட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. பூத்து முடிந்த கொத்தைக் காயாக விடாமல் கிள்ளிவிட்டால், மரம் மறுபடி துளிர்த்து மறுபடி பூக்கும்.

இந்தப் பூவைப் படம் எடுக்க முயன்றவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஆறு இதழ்கள், ஒவ்வொன்றும் கசங்கிய பட்டுபோல. உச்சி வெயிலில் எடுத்தால் அந்தச் சுருக்கமெல்லாம் மறைந்து வெறும் சிவப்புத் திட்டுதான் மிஞ்சும். காலை வெளிச்சத்திலோ மேகம் மூடிய நாளிலோ, கைப்பேசியில் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு எடுத்தால் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். நடுவில் குட்டையான மஞ்சள் கேசரங்கள் வண்டுக்கும் தேனீக்கும் உணவு. அவற்றைச் சுற்றி வளைந்து நிற்கும் நீளமான ஆறும் அடுத்த பூவுக்கு மகரந்தம் அனுப்புவதற்கு. காற்று வீசும் ஆடி மாதத்தில் மட்டும் இந்தப் படம் எளிதில் வாய்க்காது. அடிமரம் அசையாது, பெருங்கிளை அசையாது. பூ இருக்கிற இளநுனிதான் ஓயாமல் ஆடும். பூக்கிற இடமும் ஆடுகிற இடமும் ஒன்றுதான்.

சாத்தனூர் மரம் ஆடுவதில்லை. எந்தக் காற்றும் அதை ஒன்றும் செய்யாது. அதன் நிலைபேறு வியப்புக்குரியது, பாதுகாக்கப்பட வேண்டியது. ஆனால் அது இனி ஒரு தளிரும் விடாது. அழியாமல் இருப்பதும் உயிரோடு இருப்பதும் ஒன்றல்ல என்பதை இந்த இரண்டு மரங்களும் சேர்ந்து சொல்கின்றன.

இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பழம்பெருமைக்குக் குறைவில்லை. ஒரு பக்கம் கல்லான மரம், மறுபக்கம் ராஜேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம். பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் பழமை மட்டுமே போதும் என்றிருக்கும் குடும்பமும் ஊரும் மொழியும் கல்லாகிவிடும். பழமையே வேண்டாம் என்று அடியோடு வெட்டினால் வருகிற கிளைக்குத் திடம் இருக்காது. பழமை வேருக்கு உரியது. பூ புதுக்கிளைக்கு உரியது. பெரியவர்களின் கடமை இரண்டு: மண்ணின் குறை தளிரைத் தாக்காமல் உரமிடுவது, பிறகு தளிருக்கு வெயில் கிடைக்கும்படி தாம் கொஞ்சம் விலகிக்கொள்வது. இளம் நுனி ஆடுகிறதே என்று அஞ்சி அதைக் கட்டிவைக்க வேண்டாம். ஆடட்டும். பூ வரப்போவது அங்கேதான்.