தந்தையும் தாயும் யாருடையர்?

இறைவனைத் தந்தையென்றும் தாயென்றும் அழைப்பது நம் பக்தி மரபில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாயினும், அங்ஙனம் அழைக்கையில் அவன் யாருடைய தந்தை, யாருடைய தாய் என்னும் வினாவை நாம் எழுப்பிக்கொள்வதில்லை. பண்டைத் தமிழிலோ, அவ்வினாவுக்கு விடை தந்தாலன்றி அந்த உறவைப் பெயரிட்டுச் சொல்வதே அரிதாயிருந்தது.

தன் தகப்பனைக் குறிக்க 'எந்தை', கேட்பவன் தகப்பனைக் குறிக்க 'நுந்தை', பிறர் தகப்பனைக் குறிக்கத் 'தந்தை' எனச் சொற்கள் மூன்று வழங்கின. அவ்வாறே என் தாய் 'யாய்', உன் தாய் 'ஞாய்', பிறர் தாயே 'தாய்'. எம்பி, உம்பி, தம்பி என்பனவும் இவ்வகையினவே. இவற்றுள் நுந்தை என்னும் முறைப்பெயருக்கு, மொழிமுதற் குற்றியலுகரத்தைப் பற்றிய விதியில் தொல்காப்பியர் தனியிடம் அளித்திருக்கிறார். உறவென்பது தனித்து நிற்கும் வஸ்துவன்று, இருவரிடையே மட்டும் ஜீவிக்கும் சம்பந்தம் என்னும் உண்மையை, நம் முன்னோர் அன்றாடப் பேச்சிலேயே பொதிந்து வைத்திருந்தனர்.

தேவாரம் பாடிய அடியார்கள் சிவபெருமானை 'எந்தை' என்றே உருகி அழைத்தனர். 'நம்' என்பது கேட்பவரையும் உளப்படுத்த, 'எம்' என்பது அவரை விலக்கி நிற்கும் சொல். ஆகவே எந்தை என்பதில் அன்பின் உரிமை முழுவதும் அடங்கியிருக்கிறது. அவ்வுரிமை குற்றமன்று, பக்தி அங்கேதான் பிறக்கிறது. ஆனால் அங்கேயே அது நின்றுவிடலாமா?

திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலின் ஸ்தலபுராணம் இதற்கு விடை கூறுகிறது. பிரசவ வேதனையில் தவித்த இரத்தினாவதி என்னும் பெண்ணின் அன்னை, காவிரியின் பெருவெள்ளத்தால் அக்கரையிலேயே தடைப்பட்டு நிற்க, இறைவன் அவ்வன்னையின் உருவிலேயே வந்து பணிவிடை செய்து, தாயுமானவர் என்று பெயர் பெற்றார். அவர் ஏற்ற திருநாமத்தில் இருப்பது 'யாய்' அன்று. ஆதியில் பிறருடைய அன்னையைக் குறித்த 'தாய்' என்னும் சொல்லே.

காலம் செல்லச் செல்ல எந்தையும் யாயும் பேச்சினின்று மறைய, பிறருக்கென இருந்த தந்தையும் தாயுமே அனைவர்க்கும் பொதுவாயின. ஆதலால், சந்நிதியில் 'தாயே' என்று கைகூப்பும்பொழுதெல்லாம், என் பக்கத்தில் கண்ணீர் மல்க நிற்கும் முகமறியாத ஒருவருடைய தாயையே நான் அழைக்கிறேன் என்பதை நினைந்துகொள்கிறேன்.