பிளேட்டோவின் 5040

பிளேட்டோ தம் முதுமையில் எழுதிய ‘சட்டங்கள்’ என்ற உரையாடலில், கிரீட் தீவில் எழவிருக்கும் மக்னீசியா என்னும் கற்பனை நகருக்கு 5040 குடும்பங்கள் என்று அளவு வைக்கிறார். அந்த எண்ணிக்கை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் 5040 மீதியின்றி வகுபடும் என்பதால் நிலப் பங்கீடு, வரி, படை திரட்டல் எல்லாம் எளிதாகும் என்பது அவர் சொல்லும் காரணம். 12-ஆலும் வகுபடும்; 11-ஆல் மட்டும் வகுபடாது. அதற்கும் வழி சொல்கிறார்: இரண்டு வீடுகளைத் தள்ளிவிட்டால் போதும். 5038 என்பது 11 பெருக்கல் 458.

1 முதல் 7 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் 5040 வரும். அதன் வகுஎண்கள் 60; அந்த எண்ணையே விட்டுவிட்டு 59 என்று பிளேட்டோ எண்ணினார். 5040-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுஎண்கள் கிடையாது. இத்தகைய எண்களைத் தனி வகையாக்கி விரிவாக ஆராய்ந்தவர் ராமானுஜன். அவருடைய கட்டுரை 1915-இல் லண்டனில் வெளியானது. தன்னை நீக்கிய வகுஎண்களின் கூட்டுத்தொகை 14,304, அதாவது எண்ணைவிடப் பெரிது என்பதால் 5040 மிகை எண்களிலும் சேரும்.

1 முதல் 10 வரை வகுபட வேண்டுமென்றால் 2520-ஏ போதுமே! ஆனால் 2520-ஐ 12-ஆல் இருமுறை வகுக்க முடியாது. பிளேட்டோவுக்கு அது தேவைப்பட்டது. நகரைப் பன்னிரண்டு பிரிவுகளாக்கி, 420 வீடுகள் கொண்ட ஒவ்வொரு பிரிவையும் ஒரு தெய்வத்துக்கு உரியதாக்கி, மறுபடியும் பன்னிரண்டாக வகுக்கிறார். மாதங்களோடும் வான்சுழற்சியோடும் பொருந்துவதால் இந்தப் பகுப்பு புனிதமானது என்கிறார்.

இங்கேதான் சிக்கல். தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா என்று ‘யூதிஃப்ரோ’வில் சாக்ரட்டீசைக் கேட்க வைத்தவரும் இதே பிளேட்டோதான். கணித உண்மைகளும் கடவுளின் ஆணையால் நிலைப்பவை என்று 1630-இல் மெய்யியலாளர் தேக்கார்ட் எழுதினார். பின்வந்த மெய்யியலாளர் லைப்னிட்ஸ் அதை மறுத்தார். 5040-ஐப் பொறுத்தவரை லைப்னிட்ஸ் பக்கமே வலுவாகத் தெரிகிறது. 11-ஆல் வகுபடாத குறையைப் பிளேட்டோ எந்தத் தெய்வத்திடமும் முறையிடவில்லை, இரண்டு வீடுகளைக் குறைத்துச் சரிக்கட்டினார். வகுபடும் தன்மை முன்னே நிற்கிறது. புனிதம் அதன்மேல் ஏற்றப்பட்டது.

அரிஸ்டாட்டிலின் எதிர்ப்பு வேறு வகை: இத்தனை பேரை வேலையின்றி உட்காரவைத்துச் சோறுபோட பாபிலோன் அளவு நிலம் வேண்டும் என்றார்.

எவரும் ஏற்றாத சிறப்பு ஒன்றும் இந்த எண்ணுக்கு உண்டு. ஓர் எண்ணின் வகுஎண்கள் அனைத்தின் கூட்டுத்தொகைக்கு, அந்த எண்ணின் அளவைப் பொறுத்து ஒரு வரம்பைக் கணக்கிடலாம். 5040 அதை மீறுகிறது. 5040-க்கு மேற்பட்ட எந்த எண்ணும் அதை மீறாது என்பதும் கணிதத்தில் இன்னும் நிறுவப்படாத ரீமன் கருதுகோளும் ஒன்றே என்று 1984-இல் கி ரொபேன் நிறுவினார். அப்படி மீறும் பெரிய எண் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.