ரூவுக்காக அழாதவர்கள்

2012 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 'ஹங்கர் கேம்ஸ்' என்ற அமெரிக்கத் திரைப்படம் திரைக்கு வந்தது. சுசான் கொலின்ஸ் இளையோருக்காக எழுதி 2008 இல் வெளியான நாவலே கெரி ரொஸ்ஸின் இயக்கத்தில் படமாகியது. படம் பெரும் வெற்றி பெற்றது. எனினும் அதைப் பார்த்தவர்களில் ஒரு சாரார் வெளிப்படுத்திய ஓர் எதிர்வினை, படத்தைவிடவும் ஆழமாகச் சிந்திக்க வேண்டியதாகும். அதைப் பற்றியே இக்கட்டுரை பேச விழைகிறது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பனெம் என்பது எதிர்காலத்துத் தேசம் ஒன்று. செல்வம் கொழிக்கும் கெப்பிடல் அதன் தலைநகர். அதற்காக உழைத்துக் கொட்டுபவை பன்னிரண்டு மாவட்டங்கள். முன்னொரு காலத்தில் கிளர்ச்சி செய்தமைக்குத் தண்டனையாக, 12 முதல் 18 வரையான வயதுடைய ஓர் ஆண் பிள்ளையையும் ஒரு பெண் பிள்ளையையும் ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் குலுக்கல் மூலம் தெரிந்து அனுப்ப வேண்டும். அந்த 24 பேரும் ஒருவர் மாத்திரம் எஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். தேசம் முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும். கெப்பிடல்வாசிகளுக்கு அது திருவிழா. மாவட்டத்தவர்களுக்கோ மரண வீடு. ஒரு பக்கம் போட்டி நிகழ்ச்சியும் மறுபக்கம் ஈராக் யுத்தக் காட்சிகளும் ஓடிய தொலைக்காட்சி அலைவரிசைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக் கொண்டிருந்தபோதே இக்கதை தன் மனதில் முளைத்ததாக நாவலாசிரியை கூறியிருக்கிறார்.

பன்னிரண்டாம் மாவட்டத்தைச் சேர்ந்த கட்னிஸ், குலுக்கலில் அகப்பட்ட தன் தங்கை பிரிமுக்குப் பதிலாகத் தானே முன்வந்து களத்துக்குப் போகிறாள். அங்கே பதினோராம் மாவட்டத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ரூ அவளுக்குத் துணையாகிறாள். பிரிமுக்கும் அதே வயதுதான். ரூ கொல்லப்படும்போது கட்னிஸ் அவளது உடலைப் பூக்களால் அலங்கரித்து, மரித்தோருக்குத் தன் ஊரார் செலுத்தும் மூன்று விரல் மரியாதையைச் செலுத்துகிறாள். நாவலைப் படித்த பலரைக் கலங்க வைத்த இடம் இது.

படத்தில் ரூவாக நடித்தவர் அமண்ட்லா ஸ்டென்பேர்க் என்ற கறுப்பினச் சிறுமி. படம் வெளிவந்த கையோடு சில பார்வையாளர்கள் சமூக ஊடகங்களில் தமது ஏமாற்றத்தைக் கொட்டித் தீர்த்தார்கள். ரூ ஏன் கறுப்பாக இருக்கிறாள் என்று கேட்டார்கள். அவள் கறுப்பினத்தவள் என்று தெரிந்ததும் அவளது மரணம் முன்போலத் துயரம் தரவில்லை என்று எழுதியவர்களும் உண்டு. இத்தனைக்கும் ரூவின் தோல் கரும்பழுப்பு நிறம் என்று நாவலே வெளிப்படையாகச் சொல்கிறது. வாசித்தவர்கள் அந்த வரியைக் கடந்து போய், தம் மனதிலிருந்த வேறொரு சிறுமியை அங்கே இருத்திக் கொண்டிருந்தார்கள். அந்தக் கற்பனைச் சிறுமிக்காகச் சிந்திய கண்ணீரைத் திரையில் வந்த சிறுமிக்குக் கொடுக்க அவர்களால் இயலவில்லை.

இவர்களை இனவாதிகள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அச்சொல் பிழையானதும் அல்ல. ஆனால் இவர்கள் கொடுமையை ரசித்தவர்கள் அல்லர். கெப்பிடலை வெறுத்து, மாவட்டங்களுக்காகப் பரிந்து, நாவலைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள். அநீதிக்கு எதிரான ஒரு கதையில் மனமொன்றிப் போயிருந்தவர்களிடமே இந்தக் கோடு கிடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிள்ளைகளின் சாவைப் பார்த்துக் கொண்டிருந்து, எந்தப் பிள்ளைக்காக இரங்குவது என்று தமக்குள் தெரிவு செய்பவர்கள் கதையில் யார்? கெப்பிடலின் பார்வையாளர்கள். படத்தைப் பார்க்கும் ஒவ்வொருவரும் தன்னைக் கட்னிஸின் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கிறார். கெப்பிடலின் ஆசனத்தில் தான் அமர்ந்திருக்கக் கூடும் என்று எவரும் எண்ணுவதில்லை.

தன்னவர்களுக்காக முதலில் அழுவது குற்றமா என்ற கேள்வி இங்கே எழுவது நியாயமே. குற்றமில்லை. நபி (ஸல்) அவர்கள் தமது மகன் இப்ராஹீம் மரணித்தபோது கண்ணீர் சிந்தினார்கள். கட்னிஸும் ரூவை முதலில் நேசித்தது அவள் தன் தங்கையை ஒத்திருந்ததனால்தான். ஆனால் அவள் தங்கை மீதான அன்பின் வழியாக அந்நியச் சிறுமியிடம் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பார்வையாளர்களோ அதே அன்பை வேலியாக்கிக் கொண்டார்கள்.

ஸ்கொட்லாந்து தத்துவவாதி அடம் ஸ்மித் 1759 இல் வெளியிட்ட ஒழுக்க உணர்வுகள் பற்றிய நூலில் ஓர் உதாரணம் வருகிறது. சீனாவில் பூகம்பத்தால் கோடிக்கணக்கானோர் மாண்டதாகக் கேள்விப்படும் ஐரோப்பியர் ஒருவர், சிறிது வருந்திவிட்டு நிம்மதியாக உறங்குவார். நாளை தன் சுண்டுவிரலை இழக்க நேரிடும் என்றாலோ இரவு முழுவதும் அவருக்கு உறக்கம் வராது. ஆனால் அந்த விரலைக் காப்பாற்றுவதற்காக அத்தனை உயிர்களையும் பலியிடச் சொன்னால் அவர் திடுக்கிட்டுப் போவார். இரக்கம் தூரம் போகாது. மனச்சாட்சியோ அதைத் தாண்டிப் போக வல்லது என்பதே ஸ்மித் காட்டும் வேறுபாடு.

எங்கோ அமெரிக்காவில் சில இளைஞர்கள் சொன்னதற்காக மாத்தளையிலுள்ள நாம் ஏன் மினக்கெட வேண்டும்? அப்படம் வெளிவந்து ஒரு மாதம் நிறைவதற்குள், 2012 ஏப்ரல் 20 ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை, இதே மாவட்டத்தின் தம்புள்ளையில் ஹைரியா ஜும்ஆப் பள்ளிவாசலுக்குள் பிக்குகளின் தலைமையில் ஒரு கூட்டம் புகுந்தது. பள்ளிவாசல் புனித பூமியில் இருப்பதால் அகற்றப்பட வேண்டும் என்றார்கள். அன்று ஜும்ஆத் தொழுகை அங்கே நடைபெறவில்லை. நாடெங்குமுள்ள முஸ்லிம்கள் கொதித்தார்கள். அது நியாயமான கொதிப்பு. அடுத்த வருடம், 2013 இல், அதே தம்புள்ளையில் பத்திரகாளி அம்மன் கோவில் இடிக்கப்பட்டது. அந்த இடிபாடு நமது மஹல்லாக்களில் எத்தனை நாள் பேச்சாக இருந்தது என்பதை வாசகர்களே நினைவுகூர்ந்து பார்க்கட்டும்.

அதே 2012 இன் நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. 150 இற்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. அவை எந்தக் காலத்தவை என்பதில் நிபுணர்களிடையே முரண்பாடான முடிவுகள் வெளிவந்தன. ஆனால் 1987 முதல் 1989 வரையான கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார், அது தம் பிள்ளையாக இருக்குமோ என்ற ஏக்கத்தோடு வந்து நின்றார்கள். அதற்கு முன்னர் 1983 ஜூலையில் இதே நகரில் தமிழரின் கடைகள் எரிந்திருந்தன. ஒரே மாவட்டத்துக்குள் மூன்று சமூகங்களும் தத்தம் துயரத்தைத் தனித்தனியே காவிக் கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைப் பன்னிரண்டாம் மாவட்டம் என்றே நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கு ஒவ்வொன்றிடமும் ஆதாரம் உண்டு. மற்றவரின் இழவைப் பார்வையாளராக இருந்து பார்த்த நாட்களும் ஒவ்வொன்றிடமும் உண்டு.

ரூவுக்காகக் கட்னிஸ் உயர்த்திய அந்த மூன்று விரல்கள் பிற்காலத்தில் திரையை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தன. 2014 இல் தாய்லாந்தில் இராணுவ ஆட்சியை எதிர்த்தவர்கள் அதைத் தமது அடையாளமாக்கினார்கள். விரல் உயர்த்திய மாணவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். 2021 பெப்ரவரியில் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது அங்கும் இலட்சக்கணக்கானோர் அவ்விரல்களை உயர்த்தினார்கள். 2017 இல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கிய முஸ்லிம்கள் அதே இராணுவத்தால் பங்களாதேஷுக்கு விரட்டப்பட்டபோது, பெரும்பான்மை பர்மியர்களில் அநேகர் மௌனம் காத்தனர் அல்லது அதை நியாயப்படுத்தினர். துப்பாக்கி தம் பக்கம் திரும்பிய பின்னர் அவர்களில் சிலர் ரோஹிங்கியரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்கள். அந்த மன்னிப்பை ஏளனம் செய்யலாகாது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நமக்கும் அதே அடி விழுந்தால்தான் பிறர் வலி புரியும் என்றால், அடி விழாத காலத்தில் நீதி எங்கே தங்கியிருக்கும்?

இவ்விடத்தில்தான் மார்க்கத்தின் வழிகாட்டல் கவனத்துக்குரியதாகிறது. தம்மைக் கடந்து சென்ற ஒரு யூதரின் ஜனாஸாவுக்காக நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையதாயிற்றே என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் ஆன்மா அல்லவா என்ற கருத்தில் பதிலளித்தார்கள். அவர்கள் அழுததாக அறிவிப்பில் இல்லை. எழுந்து நின்றார்கள். பிற்காலத்தில் காதிஸிய்யாவில் இரு ஸஹாபாக்கள், முஸ்லிமல்லாத உள்ளூர்வாசி ஒருவரின் பிரேதத்துக்காக எழுந்து நின்று, இந்நிகழ்வையே காரணமாக எடுத்துச் சொன்னார்கள். அல்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயமும் ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்கிறது. வெறுப்பு முற்றாகத் தீர்ந்து, அன்பு சுரந்து, கண்கள் நனைந்த பின்னர் நீதி செய்யுங்கள் என்று அது சொல்லவில்லை. வெறுப்பு இருக்கும்போதே நீதி கடமையாகிறது. மனம் இளகுவது நம் கையில் இல்லாதிருக்கலாம். எழுந்து நிற்பது நம் கையில் இருக்கிறது.

கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, இந்நாட்டில் நமது ஜனாஸாக்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. 2020 டிசம்பரில் பொரளை கனத்தை மயானத்தின் வாயிலில் வெள்ளைத் துணித்துண்டுகள் கட்டப்பட்டன. கஃபன் துணியின் அடையாளமாக அவற்றைக் கட்டியவர்களில் சிங்களவரும் தமிழரும் இருந்தார்கள். நம் மையித்தைக் குளிப்பாட்டும் முறையோ, அடக்கம் செய்வதில் நமக்குள்ள பற்றோ அவர்களில் பலருக்கு முழுமையாக விளங்கியிருக்காது. நமக்குள்ள வலி அவர்களுக்கு இருந்திருக்கவும் முடியாது. ஆயினும் வந்து கட்டினார்கள்.

திரையரங்கில் ரூவுக்காக அழாதவர்களிடம் கண்ணீரை எவரும் பலவந்தமாகக் கேட்க முடியாது. அவர்கள் தெருவில், பாடசாலையில், வழக்குமன்றில் ஒரு கறுப்பினச் சிறுமியை எவ்வாறு நடத்துவார்கள் என்று கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். அதே கேள்வி தம்புள்ளைக் கோவிலின் பேராலும் மாத்தளைப் புதைகுழியின் பேராலும் நம்மிடமும் கேட்கப்படுகிறது.