கயிற்றின் மஞ்சள்

மகளின் கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள் சித்தி. தாலி கட்டும் பக்கம் வந்ததும் கை நின்றது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். “ஏப்பா, கயித்துக்கு மஞ்சளே பூசலையா?” என்றாள்.

பூசியிருந்தது. அன்று விடியற்காலையில் அவளே உட்கார்ந்து நூலைத் திரித்து, விரலி மஞ்சளை உரசிப் பூசியது. படத்தில் அது வைக்கோல் நிறத்தில், ஏறக்குறைய வெறும் நூலாகக் கிடந்தது. வெளுத்த தாலிக் கயிறு என்றால் அவள் வயதுப் பெண்களுக்கு மனசு எப்படிப் பதறும் என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தைத் திருத்தியவன் நான்.

திருத்தினேன் என்று சொல்வதே தவறு. 2,300 படங்கள், பத்து நாளில் ஆல்பம் வேண்டும். காசு கொடுத்து வாங்கியிருந்த ஒரு ப்ரீசெட்டை முதல் படத்தில் போட்டேன். பளிச்சென்று, கண்ணுக்கு இதமாக வந்தது. மொத்தப் படங்களையும் தேர்ந்தெடுத்து அதையே ஏற்றினேன். டீ குடித்துவிட்டு வந்தபோது வேலை முடிந்திருந்தது.

ப்ரீசெட் என்பது எண்களின் தொகுப்பு. லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் யாரோ ஒருவர் தன் படத்துக்காக ஸ்லைடர்களை நகர்த்தி, அவை நின்ற இடங்களைச் சேமித்து வைத்தது. அவருக்கு முன்னால் இருந்த வெளிச்சம் வேறு, முகம் வேறு. சித்தி கேட்ட அன்று ராத்திரி அந்த எண்களைத் திறந்து பார்த்தேன். மஞ்சளின் அடர்த்தியைப் பாதிக்குமேல் குறைத்திருந்தது. ஆரஞ்சின் ஒளிர்வைக் கூட்டியிருந்தது. வெள்ளை கவுனும் புல்வெளியும் வெளிர் தோலும் உள்ள கல்யாணத்துக்கு அது பொருந்தலாம். அங்கே மஞ்சள், விளக்கிலிருந்து துணியில் வந்து படிகிற கறை, கழித்துவிடலாம். நம் முகூர்த்தத்தில் கயிறு, அட்சதை, தேங்காய், மணப்பெண்ணின் பாதம் எல்லாவற்றிலும் இருப்பது மஞ்சள்தானே. நம் தோலின் நிறமோ பெரும்பாலும் ஆரஞ்சுப் பட்டையில் விழுகிறது. அதை ஒளிரவைத்தால் மாநிறம், கறுப்பு எல்லாம் ஒருசேர வெளுக்கும். சித்தியும் வெளுத்துத்தான் இருந்தாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படமென்றால் அப்படித்தான் இருக்கும் என்று பழகிப்போயிருந்தாள். என்னை அதிகம் உறுத்தியது அதுதான்.

இது ஃபிலிம் காலத்திலேயே தொடங்கிய கதை. கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு பெண்ணின் படம் கொண்ட அட்டையை அனுப்பும். அந்த முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. 1950களில் புழக்கத்துக்கு வந்த, ‘ஷெர்லி அட்டை’ என்றே பெயர்பெற்ற அதில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. மரச்சாமான்காரர்களும் சாக்லேட்காரர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று குறை சொன்ன பிறகுதான் ஃபிலிமைச் சீர்செய்தார்கள் என்று அங்கே வேலை பார்த்தவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மேசைக்குக் கிடைத்த கவனம் மனிதருக்குக் கிடைக்கவில்லையே என்று, அதைப் படித்த நாளில் எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டு முகங்களுக்கு நானும் அதையே செய்திருக்கிறேன்.

கையால் செய்துவிட்டால் மட்டும் உண்மை வந்துவிடாது. பழைய ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேல் கூர்சீவிய பென்சிலால் டச்சிங் செய்வார்கள். நெகட்டிவில் கரி ஏறிய இடம் பிரிண்டில் வெளுக்கும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படமென்றால் பென்சில் கன்னத்தில் தாராளமாகவே ஓடும். அதுவும் பொய்தான். ஆனால் பென்சில் பிடித்தவர் ஒரு முகத்தோடு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். எந்தத் தழும்பை மறைக்கிறோம், எந்த மச்சத்தை விடுகிறோம் என்று அறிந்தே செய்தார். நான் என்ன செய்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் ப்ரீசெட்டை நான் கைவிடவில்லை. மண்டபத்து ட்யூப்லைட்டின் பச்சைச் சாயலை எடுக்க நானே ஒன்று செய்து வைத்திருக்கிறேன். பந்திப் படங்களுக்கு அது போதும். எந்தப் படத்தை இரவல் கண்ணால் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதில்தான் இன்னமும் தடுமாற்றம். படங்களில் மட்டும் இல்லை. நண்பனின் அம்மா இறந்தபோது, செல்போன் எடுத்துக்கொடுத்த ‘ஆழ்ந்த இரங்கல்’ என்பதையே தட்டி அனுப்பினேன். அந்த அம்மாவின் கையால் எத்தனை ராத்திரி தோசை சாப்பிட்டிருக்கிறேன். சொல்ல எனக்கு நிறைய இருந்தது. உட்கார்ந்து எழுதவில்லை.

முகூர்த்தப் படத்தின் ரா ஃபைலை, கேமரா பதிவுசெய்த மூலத்தை, எடுத்து எல்லா எண்களையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். வெள்ளை எது என்று காட்டும் ஒயிட் பேலன்ஸை மாப்பிள்ளையின் வேட்டியில் வைத்தேன். அது சந்தன நிறப் பட்டு. எல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. பின்வரிசையில் நின்ற ஒருவரின் வெள்ளைச் சட்டையில் வைத்ததும் நிறங்கள் இடத்துக்கு வந்தன. மஞ்சளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. முகங்களில் விழுந்திருந்த நிழலைச் சற்றே தூக்கினேன். பிறகு பெரிதாக்கிக்கொண்டே போனபோது, பெண்ணின் பிடரியில் முடிச்சுப் போடுகிற நாத்தனாரின் விரல்கள் தெரிந்தன. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகக்கண்வரை மஞ்சள் ஒட்டியிருந்தது. அந்தக் கை படத்தில் இருப்பதையே அதுவரை நான் கவனித்ததில்லை.

புதிதாகப் பிரிண்ட் போட்ட பக்கத்தைச் சித்தியிடம் கொடுத்தேன். வெகுநேரம் வைத்துப் பார்த்தாள்.

“ஈரம் காயுறதுக்குள்ள கட்டிட்டாங்க, பாரு” என்றாள்.