ஆசிரியரின் கைப்பேசியும் அரசின் ஆணையும்

ஊழியர் ஒருவர் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கைப்பேசியின் மீது, அவருக்கு வேலை கொடுத்தவருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்ற தர்ம விசாரம், சித்தூர் ஜில்லாவின் பூதலப்பட்டு போன்ற மண்டலங்களிலுள்ள சர்க்கார் பள்ளிக்கூடங்களுக்கு நெருங்கிய விஷயமாகிவிட்டது. 2022 ஆகஸ்டில் ஆந்திர அரசு, ஆசிரியர்கள் தத்தம் சொந்தக் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு, அதற்கு முகத்தைக் காட்டி வருகையைப் பதிய வேண்டுமென்று ஆணையிட்டது. ஓராண்டு கழித்து, அதே கைப்பேசியை வகுப்பறைக்குள் கொண்டுபோகக் கூடாதென்றும், பாடத்துக்கு முன் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிட வேண்டுமென்றும் விதித்தது.

பின்னதில் நியாயம் இருக்கிறது. பாட நேரம் குழந்தைக்குச் சொந்தமானது. கரும்பலகையின் முன் நின்று வாட்ஸ்அப் பார்க்கிற ஆசிரியர், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தம் முகத்தையே பார்த்திருக்கும் பிள்ளையை வஞ்சிக்கிறார். முன்னதன் நோக்கத்தையும் குறை சொல்வதற்கில்லை. வராதவர் வந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து விழுவது ஏழைப் பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி.

ஆயினும் நோக்கம் உத்தமமானது என்பதாலேயே வழியும் நேர்மையாகிவிடாது. ஒன்பது மணி நெருங்குகையில், சிக்னல் கிடைக்காத பள்ளித் தாழ்வாரத்தில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி அங்குமிங்கும் நடக்கிற ஆசிரியை பிரத்தியட்சமாக வந்திருக்கிறார். பிள்ளைகள் அவருக்கு வணக்கம் சொல்லியாகிவிட்டது. இருந்தும் செயலி ஏற்கும்வரை அவர் வராதவர்தாம். டேட்டாவுக்குப் பணம் அவருடையது, கருவி பழுதானால் செலவும் அவருடையது. குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கும் இருக்கிற இடத்தில் அரசு வந்து குடியேறுகிறது. பள்ளிக் கழிவறையையும் மதிய உணவையும் படமெடுத்து ஏற்றும் வேலையும் சில ஆண்டுகள் ஆசிரியர்களின் கைப்பேசியிலேதான் நடந்தது. ஒருவருடைய உடைமையை இப்படியெல்லாம் அலுவலகச் சாமானாக்கிக்கொண்டவர்கள், அது அவர் கையில் இருப்பதையே குற்றமாகப் பேசுவது எப்படிப் பொருந்தும்? அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017-இல் புட்டசுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். உத்தியோகத்தில் சேர்ந்த காரணத்தால் அவ்வுரிமையை எவரும் துறந்துவிடுவதில்லை.

ஒழுங்கு விதிக்க அரசுக்கு உரிமை உண்டென்றால், அதற்கு வேண்டிய சாதனத்தைக் கொடுக்கும் கடமையும் அதனுடையதே. ஆசிரியர் சங்கங்கள் அன்று கேட்டதும் அதுதான். அரசு தன் செலவில் பள்ளிதோறும் ஒரு கருவியை வாங்கி வைக்கட்டும்; ஆசிரியரின் கைப்பேசி அவருடையதாகவே இருக்கட்டும். அதன் பிறகும் வகுப்பில் அதை எடுத்துப் பார்ப்பவர் மீது நடவடிக்கை எடுத்தால், ஆட்சேபிக்க எவருக்கும் முகாந்திரம் இராது.