நாலு திசைக்கும் லோடு ஏற்று!

தம்பி, போன வாரம் நீ சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "பெரியப்பா, அந்த விண்வெளி வியாபார விளையாட்டுல பாதி வானம் எனக்குப் பகையாப் போச்சு. அந்தப் பக்கம் கப்பலைத் திருப்புனாலே சுடறாங்க" என்று சிரித்தாய். அப்புறம் சிரிப்பு நின்றது. ஆபீஸிலும் அப்படித்தான் ஆகிவிட்டது என்றாய். உன் அப்பாவின் லாரி புக்கிங் ஆபீஸை நீ எடுத்து நடத்த ஆரம்பித்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அதற்குள் இரண்டு மண்டிக்காரர்கள் உன்னோடு பேசுவதில்லை. "ஒருத்தருக்கு வண்டி குடுத்தா இன்னொருத்தருக்குக் கோபம். எனக்கு இந்தத் தொழில் சரிப்படாது."

சரிப்படும். அந்தக் கடைசி வாக்கியத்தை வாயிலிருந்து எடுத்துக் காறித் துப்பு!

உன் விளையாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ போன பிறகு உட்கார்ந்து அதைப் படித்தேன். ஈவ் ஆன்லைன், ஐஸ்லாந்துக்காரர்கள் 2003இல் வெளியிட்டது. அமார், கல்டாரி, கேலன்டே, மின்மட்டார் என்று நான்கு பேரரசுகள். கல்டாரிக்கும் கேலன்டேவுக்கும் ஆகாது, அமாருக்கும் மின்மட்டாருக்கும் ஆகாது. ஒவ்வொரு பேரரசும் உனக்கு ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறது, கழித்தல் 10இலிருந்து கூட்டல் 10 வரை. கழித்தல் 5க்குக் கீழே விழுந்தால், காவல் மிகுந்த பகுதியிலேயே அந்தப் பேரரசின் படை உன் கப்பலைச் சுடும். ஆனால் அதே பேரரசு சண்டை வேலையும் தருகிறது, சரக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையும் தருகிறது. நீ எதை எடுத்தாய் என்று போனில் கேட்டேன். "சண்டைதான் பெரியப்பா, அதுலதான் காசு" என்றாய்.

அங்கேதான் பிசகு. கல்டாரிக்காகக் கேலன்டே கப்பலைச் சுட்டவனைக் கேலன்டே எப்படி வரவேற்கும்? சரக்கு மட்டும் ஏற்றியவன் யாரையும் சுட வேண்டியிருக்கவில்லை. அவனும் ஒரே வீட்டு வாசலில் படுத்துக் கிடக்கக் கூடாது. பதினாறு வேலைக்கு ஒருமுறை ஒரு பெரிய வேலை வருகிறது. அதை முடித்தால் ஒரு பேரரசிடம் மதிப்பு ஏறும், அதன் எதிரியிடம் இறங்கும். ஆகவே அந்தப் பக்கமும் போய் உழைத்துச் சமன் செய்பவனுக்குத்தான் வானம் முழுவதும் திறந்திருக்கிறது.

இப்போது ஆபீஸுக்கு வா. மண்டிக்காரர் இருவரும் ஏன் பேசுவதை நிறுத்தினார்கள்? இருவருக்கும் வண்டி கொடுத்ததற்காகவா? நன்றாக யோசித்துப் பார். முதலாமவர் என்ன வாடகைக்கு அனுப்பினார் என்பதை இரண்டாமவரிடம் வாய்விட்டாய். இரண்டாமவர் அவரைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லை முதலாமவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாய். லோடு ஏற்றியதில் வந்த பகையில்லை இது. நீ சுட்டாய், தம்பி. நாக்கால் சுட்டாய். சுட்டது நீ என்றால், நிறுத்துவதும் உன் கையில்தானே இருக்கிறது! இதைவிட நல்ல செய்தி உனக்கு வேறென்ன வேண்டும்?

நீ நிற்கும் மண்ணைக் கொஞ்சம் பார். நாமக்கல் தனி மாவட்டமாக நடக்கத் தொடங்கியது 1997இல்தான். துறைமுகம் இல்லை. மழையும் நம்மைத் தேடி வந்து கொட்டுவதில்லை. ஆனால் இங்கே பட்டறையில் பாடி கட்டிய லாரியை இந்தியாவின் எந்த நெடுஞ்சாலையிலும் பார்க்கலாம். சமையல் எரிவாயு டேங்கர் என்றாலே தென்னாட்டில் நாமக்கல்தான். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டி போய்த் துளை போடாத மாநிலத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டிஎன் 28, டிஎன் 34, சங்ககிரியின் டிஎன் 52, இந்த எண்களோடு ஒரு வண்டி ஊர் எல்லையைத் தாண்டும்போது அது யாருடைய சண்டையையும் ஏற்றிக்கொண்டு போவதில்லை. கேரளாவுக்கு முட்டை போகிறது. மகாராஷ்டிரத்தில் விரதம் இருக்கும் வீடுகளுக்கு நம் சேலத்து ஜவ்வரிசி போகிறது, அங்கே அதற்குப் பெயர் சாபுதானா. மராத்தியில் நாலு வார்த்தை தெரியாத நம் ஓட்டுநர், அங்கே போய் இறக்கி, ரிட்டன் லோடும் பிடித்துக்கொண்டு வருகிறார். அவருடைய கேபினுக்குள் ஏறிப் பார்த்திருக்கிறாயா? முருகன், வேளாங்கண்ணி மாதா, பிறையோடு ஒரு பள்ளிவாசல் படம், மூன்றும் ஒரே பலகையில் இருக்கும். அழகுக்காக ஒட்டியவை என்றா நினைக்கிறாய்? எந்த ஊரில் வண்டி நின்றாலும் இறங்கி மனிதரை மனிதராகப் பார்க்கத் தயாராக இருக்கிற ஒருவருடைய நெஞ்சு அது.

போட்டி நமக்குப் புதிதா? கோழிப்பண்ணைக்காரர் முட்டை விலை ஏற வேண்டும் என்கிறார், வியாபாரி இறங்க வேண்டும் என்கிறார். 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்து விலை அறிவிக்கத் தொடங்கியது. அதன் பிறகும் அறிவித்த விலைக்கும் பண்ணையில் கைக்கு வரும் விலைக்கும் நடுவே 'மைனஸ்' என்று ஒரு சொல் வந்து உட்கார்ந்து, பல காலம் வாய்ச்சண்டை நடத்தியது. இருவருக்கும் நடுவில் முட்டை அட்டையை அடுக்கிக்கொண்டு ஓடுகிற லாரிக்காரர் எந்தக் கட்சி? முட்டை உடையாமல் போய்ச் சேர வேண்டும் என்கிற கட்சி! அந்தக் கட்சியில் சேர், தம்பி. அதற்குத் தோல்வியே கிடையாது.

என் வாழ்க்கையிலிருந்து ஒன்று சொல்கிறேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வண்டியில் பெங்களூருக்குப் போன ஜவ்வரிசி மூட்டைகள் நனைந்து போய்ச் சேர்ந்தன. அங்கே வாங்கிய கன்னட வியாபாரி, சேலத்துக்காரர் ஈரச் சரக்கை ஏற்றிவிட்டார் என்றார். சேலத்துக்காரர், பெங்களூர்க்காரர் காசு குறைக்க நாடகம் போடுகிறார் என்றார். இருவரும் எங்கள் முதலாளியிடம் ஆளுக்கொரு பக்கம் சாட்சி கேட்டார்கள். யாருக்குச் சாதகமாகச் சொன்னாலும் மற்றவர் போய்விடுவார். முதலாளி டிரைவரைக் கூப்பிட்டார். தார்ப்பாயை விரிக்கச் சொன்னார். மேல்பக்கம் ஒரு முழம் கிழிந்திருந்தது. "தப்பு நம்மளுது. நட்டத்தை நான் கட்டறேன்" என்று இருவருக்கும் போன் போட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அந்த மாதச் சம்பளமே எங்களுக்குப் பாதிதான் வந்தது.

அது நடந்து சில மாதத்தில் 1991 டிசம்பர் வந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் வெடித்தது. தமிழர் கடைகள், வீடுகள், வண்டிகள் எல்லாம் தாக்கப்பட்டன. எங்கள் லாரி ஒன்று ஊருக்குள் மாட்டிக்கொண்டது. செல்போன் இல்லாத காலம். மூன்று நாள் தகவல் இல்லை. நான்காம் நாள் ஒரு டிரங்க் கால். அந்தக் கன்னட வியாபாரிதான் பேசினார். வண்டியைத் தன் குடோனுக்குள் விட்டுக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார், டிரைவரும் கிளீனரும் தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். முதலாளி போனை வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கிழிந்த தார்ப்பாய்க்காக நாங்கள் கட்டிய பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

2016 செப்டம்பர் 12 உனக்கே நினைவிருக்கும். அதே காவிரி, அதே பெங்களூர். சேலத்து நிறுவனம் ஒன்றின் நாற்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் ஒரே நாளில் எரிந்தன. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட லாரிகள் தாக்கப்பட்டன. ஓசூர் எல்லையில் ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. இனி அந்த ஊருக்கு லோடே வேண்டாம் என்று பல்லைக் கடித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வலியை நான் குறைத்துப் பேசமாட்டேன். எரிந்தது அவர்களுடைய வயிறு. ஆனால் தீ அடங்கியதும் மறுபடி தொப்பூர்க் கணவாய் ஏறி, தருமபுரி, கிருஷ்ணகிரி தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததே முதல் வண்டி, அந்த வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்த கைதான் எனக்கு வீரனின் கை. பகைவனை அடிக்கக் கை ஓங்குவது எவனாலும் முடியும். நேற்றுக் கல்லெறிந்த தெருவுக்கு இன்று அரிசி மூட்டையோடு போவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

எல்லாரிடமும் நல்லபடியாக இருப்பவனை முதுகெலும்பில்லாதவன் என்கிறார்களே, அவர்களுக்கு ஐந்நூற்றுவரைத் தெரியாது. சோழரும் சாளுக்கியரும் பதினொன்றாம் நூற்றாண்டு முழுக்க ஒருவர் நாட்டை ஒருவர் கொளுத்தினார்கள். கொப்பத்துப் போர்க்களத்தில் சோழ மன்னன் இராசாதிராசனே யானைமேல் உயிர்விட்டான். அந்த இரண்டு நாட்டிலும் ஒரே நேரத்தில் வணிகம் செய்தது, கர்நாடகத்து ஐஹொளெயைத் தாயகமாகச் சொல்லிக்கொண்ட ஐந்நூற்றுவர் வணிகக் குழு. கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் அவர்களின் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1025இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடல் கடந்து கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கியது. அதற்கு 63 ஆண்டுகள் கழித்து, 1088இல், சுமத்திராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் தமிழில் ஒரு கல்வெட்டு நடப்படுகிறது. நட்டவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர்! சோழ மன்னன் படையெடுத்துச் சென்ற கடலின் மறுகரையில், தமிழில் கல் நட்டு வணிகம் செய்திருக்கிறார்கள். வழித்துணைக்கு வாளேந்திய வீரர்களையும் வைத்திருந்தவர்கள் அவர்கள். கையில் வாள் இருந்தும் தராசை முன்னால் நீட்டியவர்கள். அவர்களுக்கா முதுகெலும்பில்லை?

ஒன்றை மட்டும் கலப்படமில்லாமல் புரிந்துகொள். எல்லாரோடும் நல்லபடியாக இருப்பது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று ஆகாது. 1984இல் இங்கிலாந்தில் இரண்டு மாணவர்கள் எழுதிய எலைட் என்ற விளையாட்டு விண்வெளி வியாபார விளையாட்டுகளின் முன்னோடிகளில் ஒன்று. அதில் போதைப்பொருளோ அடிமைகளோ ஏற்றினால் லாபம் கொட்டும். காவலரிடம் குற்றவாளி என்ற பெயரும் சேர்ந்தே வரும். ரேஷன் அரிசியை எல்லை தாண்டி இறக்கச் சொல்லி யாராவது இரட்டை வாடகை காட்டினால், முதல் போனிலேயே முடியாது என்று சொல். நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுக்காதே. இழுத்து இழுத்துக் கடைசியில் மறுப்பவன்தான் பகையைச் சம்பாதிக்கிறான். எடுத்தவுடன் மறுத்தவனை ஒரு நாள் திட்டுவார்கள், மறுநாள் அவனைத்தான் நம்பி நல்ல சரக்கைக் கொடுப்பார்கள்.

வண்டி தாமதமானால் அவர் கேட்பதற்கு முன் நீ சொல். ஒருவர் கணக்கு நோட்டை இன்னொருவர் முன் திறக்காதே, உயிர் போனாலும் திறக்காதே. வாடகையை ஆளுக்கொரு நாக்கால் பேசாதே. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டட்டும். உன் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தே திட்டட்டும். டீ வாங்கிக் கொடு, கேட்டுக்கொள், அதோடு விடு. அந்தச் சொல் உன்னிடமே செத்துப் போகட்டும்.

நாளைக் காலை முதலாமவர் மண்டிக்குப் போ. போன் வேண்டாம், நேரில் போ. மூட்டை இறங்கும் நேரம் வேண்டாம், ஏழு மணிக்குக் கல்லாவுக்குச் சாமி கும்பிட்டுவிட்டு அவர் தனியாக உட்கார்ந்திருப்பார். "உங்க வாடகையை வெளியே சொன்னது என் தப்புங்க" என்று அந்த ஒரு வரியைச் சொல். காரணம் சேர்க்காதே, மற்றவர் பெயரை இழுக்காதே. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நாலு வார்த்தை கடுமையாகவும் பேசலாம். நின்று கேட்டுக்கொள். அங்கிருந்து நேராக இரண்டாமவரிடம் போய் அதே போல உன் தப்பை ஒப்புக்கொள். அப்புறம் ஆபீஸுக்கு வந்து ஷட்டரைத் தூக்கு. வாசலில் மூன்று வண்டி லோடு இல்லாமல் நிற்கிறது, டிரைவர்கள் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.