ஈகையும் கடனும்

சக்கேயு தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்கு அளித்தார். ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். முன்னது ஈகை, பின்னது கடன். அவர் இவ்விரண்டையும் குழப்பவில்லை. அரசுகள் பலவேளைகளில் குழப்பிவிடுகின்றன.

சிலி நாட்டில் 1973-இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது; பலரைக் காணாமற்போகச் செய்து, கைது செய்யவேயில்லை என மறுத்தது. 1976-இல் கர்தினால் ரவுல் சில்வா என்ரிக்கேஸ் நிறுவிய தோழமைப் பணியகம் குடும்பங்களின் முறையீடுகளைப் பதிந்து காத்தது. மக்களாட்சி திரும்பியபின், 1990-இல் அமைந்த உண்மை ஆணையத்திற்கு அப்பதிவுகள் சான்றாயின. 1991 மார்ச்சில் அதிபர் பத்ரிசியோ எய்ல்வின் நாட்டின் பெயரால் மன்னிப்பு வேண்டினார். 1992-இல் குடும்பங்களுக்கு மாத ஓய்வூதியம் சட்டமாயிற்று.

இவ்வரிசை முக்கியமானது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் தரும் பணம், மகனை இழந்த தாயை இரவலராக்கும். ஒப்புக்கொண்டபின் தருவது அவரை உரிமையுடையவராக்கும். மகனின் உயிருக்கு எப்பணமும் விலையாகாது. அவன் அநீதியாகப் பறிக்கப்பட்டான் என்பதற்கு அரசு இடும் கையொப்பமாக அது அமையலாம்.

ஆயினும் கடன் தீரவில்லை. இன்னும் கிடைக்காத ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தேட 2023-இல் அந்நாட்டு அரசு திட்டம் வகுத்தது. தெரிந்தே ஒரு சாவான பாவத்தை மறைத்துச் செய்யும் பாவசங்கீர்த்தனம் செல்லாது என்று மறைக்கல்வியில் பயின்றோம். உடல்கள் கிடக்குமிடம் அறிந்தும் வாய்திறவாதோர் உள்ளவரை, அந்நாட்டின் ஒப்புரவும் நிறைவுறாது.